இரட்டை எஞ்சினில் போன என் கல்யாணம்

காலை ஒன்பது பன்னிரண்டு. நான் பார்த்தது ஒரு ரயிலின் கடைசிப் பெட்டி. அதன் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு. வாசலில் பச்சைக் கொடியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துப் புன்னகைத்த கார்டு. விளக்கும் கொடியும் புன்னகையும் சிறிதாகிக்கொண்டே போயின. அந்த ரயிலில் என் அப்பா, அம்மா, தாய்மாமன், நானூற்றுக்கும் மேற்பட்ட உறவினர்கள், ஒரு நாகஸ்வரக் குழு, சீர்வரிசைத் தட்டுகள், மஞ்சள் துணியில் முடிந்த தாலி எல்லாம் இருந்தன. அன்று பத்தரைக்குள் அந்தத் தாலியைக் கட்ட வேண்டியவன் மட்டும் பிளாட்பாரத்தில் இருந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் காமிரா.

(காமிராவில் இன்னும் நான்கு படம் பாக்கி இருந்தது. அதை அந்த நேரத்திலும் கவனித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.)

எழுபதுகளின் தொடக்கம். நான் ஒரு தினசரியில் உதவி ஆசிரியன். பிறர் எழுதும் செய்தியில் யார், எங்கே, எப்போது என்று மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது வேலை. அப்பாவுக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கடை வைத்து, பாண்டி பஜாருக்குப் பின்னால் வீடு கட்டியவர். மகன் கல்லாவில் உட்காராமல் பத்திரிகை ஆபீசுக்குப் போனதை அவர் ஒருவாறு ஏற்றுக்கொண்டார். ரயில் பைத்தியத்தை மட்டும் ஏற்கவில்லை.

எங்கள் பைத்தியத்துக்கு ஒரு சங்கம் இருந்தது. மயிலாப்பூரில், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் சேஷாத்ரி சாரின் மாடி அறையில் மாதம் ஒருமுறை கூடுவோம். உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். அவர் தலைவர், நான் செயலாளர். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் மெயின் லைனில் மின்சார எஞ்சின்கள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் கம்பிகளுக்குக் கீழே ஒரே ஒரு நாள், ஒன்றல்ல, இரண்டு நீராவி எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் கோத்து, செங்கற்பட்டு வரை ஓர் உல்லாச ரயில் விட வேண்டும் என்பது எங்கள் கனவு. மனுப்போட்டு அலைந்தோம். கடைசியில் ஓர் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார்.

"எட்டுப் பெட்டிக்கு ஒரு எஞ்சினே ஜாஸ்தி. ரெண்டு எதுக்கு?"

சேஷாத்ரி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாக்கறதுக்கு நன்னா இருக்கும்."

அந்த அதிகாரி முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவர். அவரிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு காரணம் சொன்னதில்லை போலிருக்கிறது. அதிர்ச்சியில் அனுமதி கொடுத்துவிட்டார். நிபந்தனை இரண்டு. எட்டுப் பெட்டியும் நிரம்ப வேண்டும். அவர் சொல்லும் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஓட வேண்டும், இரண்டு எஞ்சினும் அன்றைக்குத்தான் கிடைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கற்பட்டில் எனக்குக் கல்யாணம்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் ரயிலை விட்டுவிடுவான். நான் வேறு விதமாகக் கணக்குப் போட்டேன். நிரப்ப வேண்டியது எட்டுப் பெட்டி. எங்களிடம் இருப்பவர்கள் இருபத்து மூன்று பேர். போக வேண்டியது ஒரு கல்யாணக் கூட்டம். அவர்களிடம் இல்லாதது வண்டி. மாம்பலத்தில் ஏறினால் செங்கற்பட்டில் இறங்கலாம், மண்டபம் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே. அப்பாவிடம் சொன்னேன்.

"தனி ரயிலா? நமக்கே நமக்கா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் தீபாவளி விற்பனையின்போதுகூடப் பார்த்ததில்லை. "ஏலே, பஸ்ஸுல வந்தாவன்னு எவனும் சொல்ல முடியாதுலா!"

அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "நீ பெட்டிக்குள்ள இருப்பியா, எஞ்சின்ல நிப்பியா?"

"பெட்டிக்குள்ளதாம்மா."

பெண் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களும் எங்கள் பக்கத்துக்காரர்கள், செங்கற்பட்டில் பாத்திரக்கடை. பெண்ணின் பெயர் சண்முகவடிவு. அவளுக்கு முறை மாப்பிள்ளை ஒருவன் இருந்தான், அத்தை மகன் பரமசிவம். பாதி உறவினர்கள் அவனுக்கே கொடுக்கச் சொன்னார்கள். ராத்திரியில் வேலை பார்த்துப் பகலில் தூங்குகிற பத்திரிகைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுப்பதில் மாமனாருக்கும் தயக்கம் இருந்தது. வடிவுதான் என் பக்கம் தலையசைத்தாள். (ஏன் என்று பிற்காலத்தில் கேட்டேன். "பரமசிவம் பேசிக்கிட்டே இருப்பான்" என்றாள்.) எங்கள் வழக்கத்தில், குறித்த நேரத்துக்கு மாப்பிள்ளை வராவிட்டால் பெண்ணைச் சும்மா எழுப்பி அனுப்ப மாட்டார்கள். முறை மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். பரமசிவம் அன்று மண்டபத்தில் பந்தி விசாரிக்கும் பொறுப்பில் இருந்தான்.

இனி ரயில். எங்கள் சங்கத்து ஆட்களுக்கு ரயிலில் போவது மட்டும் போதாது, தாங்கள் போகும் ரயிலை வெளியே நின்றும் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. சிறிய ஸ்டேஷன் ஒன்றில் வண்டி நிற்கும். காமிராக்காரர்கள் இறங்கிக்கொள்வார்கள். வண்டி பின்னால் போய், புகையும் விசிலுமாக வேகமெடுத்து, எங்கள் முன்னால் ஓடிவந்து பிளாட்பார முனையில் நிற்கும். படம் எடுத்தவர்கள் ஏறிக்கொள்வார்கள். செங்கற்பட்டுக்கு முந்திய ஒரு ஸ்டேஷனில் இதற்கு ஒப்புதல் வாங்கியிருந்தேன். (பெயர் வேண்டாம். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர்.) வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை முன் எஞ்சின் டிரைவர் ஆரோக்கியசாமியிடம் எழும்பூரிலேயே விளக்கிச் சொல்லியிருந்தேன். சாந்தோமில் இருந்து வருகிறவர், நிதானமான மனிதர். "சொல்லிட்டீங்கல்ல, விடுங்க. போகலாம்னு கைகாட்டி இறங்கியிருந்தாலும் நான் நிறுத்திடறேன்" என்றார்.

மாம்பலத்தில் எங்கள் கூட்டம் ஏறியது. தாம்பரத்தில் எஞ்சின்கள் தண்ணீர் குடித்தன. அங்கேதான் நான் ஒன்றைக் கவனித்தேன். இரண்டாவதாக இருந்த எஞ்சின் புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது. முன்னால் இருந்த ஆரோக்கியசாமியின் எஞ்சின் நேற்றுவரை சரக்கு இழுத்த முகத்தோடு இருந்தது.

"சார், அழகானது பின்னால இருக்கே" என்றேன்.

சேஷாத்ரி சார் இரண்டையும் பார்த்தார். "ஆமாம்டா. போட்டோல மூஞ்சிதானே விழும்? மாத்தச் சொல்லிடு."

மாற்றச் சொன்னேன். யார்டு ஆட்கள் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனாலும் மாற்றினார்கள். இரண்டையும் கழற்றி, முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. புது முன் எஞ்சினின் டிரைவரிடம் நானே ஓடிப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அண்ணே, நாங்க கீழ நிக்கும்போது நல்லா கரும்புகை வரணும். விசில் விட்டுக்கிட்டே வரணும்."

"அவ்ளோதானே?" என்றார் அவர்.

"அவ்வளவுதான்" என்றேன்.

இரட்டை எஞ்சின் என்றால் வண்டியை நிறுத்துவது முன்னால் இருப்பவர் பொறுப்பு. கைகாட்டியைப் பார்ப்பதும் பிரேக் போடுவதும் அவர்தான். இரண்டாவது எஞ்சின்காரர் கூடச் சேர்ந்து இழுப்பதோடு சரி. இது சங்கத்தில் நானே கட்டுரை வாசித்த விஷயம். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒரே டிரைவரை, அழகுக்காக, பிரேக் இல்லாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, நான் பெட்டிக்குத் திரும்பி இட்லி சாப்பிட்டேன்.

அந்த ஸ்டேஷனில் வண்டி நின்றது. காமிராக்காரர்கள் இறங்கினார்கள். நானும் எழுந்தேன்.

"ஏய்யா, நீ எங்க?" என்றாள் அம்மா.

"செயலாளர்மா நான். ரெண்டு நிமிஷம்."

"பட்டு வேட்டிய்யா அது."

இறங்கிவிட்டேன். நாங்கள் இருபது நிமிடம் தாமதம். பின்னால் ஓர் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், நாங்கள் ஏறியதும் வண்டி உடனே கிளம்பட்டும் என்று, கைகாட்டியை முன்கூட்டியே இறக்கிவைத்தார். அவர் செய்தது நல்ல எண்ணத்தில்தான்.

வண்டி பின்வாங்கியது. ஒரு நிமிடம் அமைதி. பிறகு வந்தது. அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. இரண்டு புகைக்கூண்டுகளும் வானத்தைக் கறுப்பாக்கின. தரை அதிர்ந்தது. மின்னுகிற எஞ்சின் முன்னால், அழுக்கு எஞ்சின் பின்னால், இரண்டும் மாறி மாறிக் கூவின. காற்று எங்கள் பக்கம் அடித்தது. புகை முழுவதும் பிளாட்பாரத்தில் இறங்கியது. நான் இருமிக்கொண்டே இரண்டு படம் எடுத்தேன். பெட்டிகள் கடந்தன. ஐந்து, ஆறு, ஏழு.

"பேஷ்!" என்று கத்தினார் சேஷாத்ரி சார். "நிக்காமயே போறதே! நம்ம ப்ளான்ல இது இல்லையே, ரொம்ப நன்னா இருக்கே!"

அப்போதுதான் காமிராவைக் கண்ணிலிருந்து எடுத்தேன்.

முன் டிரைவர் கைகாட்டி இறங்கியிருப்பதைப் பார்த்தார். போகலாம் என்று அர்த்தம். கீழே நிற்கிறவர்கள் மறுபடி ஏறுவார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. போனார். பின் எஞ்சினில் ஆரோக்கியசாமி பதறிப்போய், நிறுத்து நிறுத்து என்று விசில் அடித்தார். விசில் அடிப்பதுதான் இன்றைய விசேஷம் என்று நானே சொல்லியிருந்ததால், முன்னவர் அதைவிட உற்சாகமாகப் பதில் விசில் அடித்தார். இருவரும் செங்கற்பட்டு வரை இப்படிக் கூவிக்கொண்டே போனதாகப் பின்னால் தெரிந்தது. நாங்கள் கையை ஆட்டிக்கொண்டு ஓடினோம். எழும்பூரிலிருந்து வழிநெடுக எல்லாரும் அந்த ரயிலுக்குக் கையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கார்டு பதிலுக்குக் கொடியை ஆட்டினார்.

ரயிலுக்குள் நடந்ததைத் தாய்மாமா பிறகு சொன்னார். நான் ஏறவில்லை என்று முதலில் சந்தேகப்பட்டவர் அவர்தான்.

"அத்தான், பயலக் காணோம். சங்கிலியப் புடிச்சு இழுத்துரட்டா?"

"சும்மா கெட. அவன் எஞ்சின்லதான் நிப்பான். வேற எங்க போவான்?" என்றார் அப்பா.

"இல்லன்னா?"

அப்பா எழுந்து சங்கிலிக்கு மேலே இருந்த அறிவிப்பை முழுவதும் படித்தார். எழுதிவைத்த எதையும் மீறாதவர். "தக்க காரணம் இல்லாம இழுத்தா தண்டனையாம்."

"மாப்பிள்ளை இல்லாதது தக்க காரணம் இல்லையா அத்தான்?"

"அவன் எஞ்சின்ல இருந்தாம்னா? அப்பம் என்ன பதில் சொல்லுவ?"

இந்த வாதம் முடிவதற்குள் செங்கற்பட்டு வந்துவிட்டது. மாப்பிள்ளை எஞ்சினில் வருகிறார் என்ற செய்தி ஜன்னல் வழியாகப் பெண் வீட்டாருக்குப் போனது. நாகஸ்வரம் முழங்க எல்லாரும் முன் எஞ்சினுக்கு ஓடினார்கள். முகமெல்லாம் கரியோடு முதலில் இறங்கியவருக்குப் பெண்ணின் சித்தப்பா மாலையைப் போட்டார். ஆரத்தியும் எடுத்தாகிவிட்டது.

"ஐயா, எனக்கு மூணு புள்ளைங்க இருக்குங்க" என்றார் டிரைவர்.

இங்கே பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு போனைச் சுழற்றினார். அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார், ஸ்பெஷல் வண்டிதான். இங்க விட்டுட்டுப் போயிட்டாங்க... பார்சல் இல்ல சார். மாப்பிள்ளை... ஆமா சார், அதே கல்யாணத்துக்கு... ஒண்ணே ஒண்ணுதான் சார்."

அவர் போனை வைக்கும்போது எக்ஸ்பிரஸ் வந்தது. அது அந்த ஸ்டேஷனில் நிற்காது. நின்றிருந்தால் எட்டு நிமிடத்தில் போயிருப்பேன். என் முன்னாலேயே, என் வேட்டியைப் படபடக்கவைத்துக்கொண்டு, போயிற்று. அதன் பயணிகளும் கையாட்டினார்கள்.

"சேஷாத்ரி சார், என்ன பண்றது?" என்றேன்.

"பதட்டப்படாதே. முகூர்த்தம்னா அவா கொஞ்சம் முன்னே பின்னே அட்ஜஸ்ட் பண்ணிண்டுடுவா."

"மாப்பிள்ளையையும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க சார்."

அப்போதுதான் தண்டவாளப் பராமரிப்பு இன்ஸ்பெக்டர் ஒருவர் தன் ட்ராலியோடு பக்கத்துத் தடத்தில் நின்றிருந்ததைப் பார்த்தேன். நான்கு இரும்புச் சக்கரம், மேலே ஒரு மரப்பெஞ்சு, ஒரு பெரிய குடை, ஒரு சிவப்புக் கொடி. இரண்டு பேர் தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடித் தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"எக்ஸ்பிரஸ் செங்கற்பட்டு சேரட்டும். ஏறிக்குங்க. கேட்டா, லைன் பார்க்க வந்தவர்னு சொல்லிக்கிறேன்."

ட்ராலி தள்ளியவர்களில் ஒருவர் சைதாப்பேட்டைக்காரர். என் வேட்டியையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே ஓடியவரால் கொஞ்ச தூரத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இன்னா நைனா, கல்யாணம் அங்க கீது, நீ இங்க கீற?"

"ரயில் போயிடுச்சுங்க."

"எல்லாருக்கும்தான் ரயிலு பூடுது. தன் சொந்த ரயிலையே வுட்டவன இப்பத்தான் பாக்கறேன்." பிறகு தோழனிடம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "டேய், இஸ்து தள்ளுடா! வேற எவனாவது கட்டிக்கினு பூடப் போறான்!"

அவர் அறியாமல் சொன்னதுதான் உண்மை நிலவரம். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் குடை. கொளவாய் ஏரி வலப்பக்கம் விரிந்து பளபளத்தது. வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்ட ஒன்று, மெயின் லைனில் திறந்த ட்ராலியில் பயணம், எனக்கு அன்று கிடைத்தது. பரமசிவத்துக்கு என் உயரம்தான் என்பது ஒன்றே நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் எனக்காக வைத்திருந்த முகூர்த்த வேட்டி அவனுக்கும் பொருந்தும்.

செங்கற்பட்டு பிளாட்பாரத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

மண்டபத்தில் நுழைந்தபோது பத்து இருபது. மேடையில் என் இடம் காலியாக இருந்தது. வடிவு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமனார் யாருடைய முகத்தையும் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரமசிவம் மேடையில் ஏறியிருக்கவில்லை. பக்கத்தில்தான் நின்றான். ஆனால் பந்தி விசாரிக்கிறவன் புதுப் பட்டு வேட்டி கட்டி, தலையைப் படிய வாரியிருந்தான்.

யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. வேட்டி சாம்பல் நிறம். முகத்தில் கரியும் சந்தனமும் வியர்வையும் சேர்ந்து வழிந்திருந்தன. என்னைத் தடுக்க முதலில் கையை நீட்டியவர் அப்பா.

"யாருவே நீரு?"

"நான்தாம்ப்பா."

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, கடையில் சரக்குக் காட்டும் குரலில், "வந்துட்டாம்லா" என்றார்.

"மொகம் கழுவ நேரம் இருக்கா?" என்று அம்மா புரோகிதரைக் கேட்டாள்.

"தாலி கட்டத்தான் நேரம் இருக்கு" என்றார் அவர்.

அப்படியே உட்கார்ந்தேன். வடிவு லேசாகத் தலையைத் திருப்பினாள். அதற்கு முன் என்னை ஒரே ஒரு முறை, பெண் பார்க்க வந்தபோது பார்த்தவள்.

"நீங்கதானா?" என்றாள், மெதுவாக.

"நான்தான்."

"நிச்சயமா?"

தாலியை எடுத்துக் கொடுத்தார்கள். கட்டினேன். மூன்றாவது முடிச்சு விழுந்தபோது பத்தரைக்குச் சில நிமிடங்கள் இருந்தன. அவள் கழுத்தில் என் பத்து விரலின் கரியும் பதிந்திருந்தது. வெளியே ஸ்டேஷனில் இரண்டு எஞ்சின்களும் ஒருசேர விசில் அடித்தன. ஆரோக்கியசாமியின் ஏற்பாடு என்று பிறகு கேள்விப்பட்டேன். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. (பந்தியில் சிரித்தார்கள். இன்னும் நிறுத்தவில்லை.) பரமசிவம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினான். டிரைவர்கள் இருவருக்கும் அவனே பரிமாறினான். முன் எஞ்சின்காரர் மாலையைக் கழற்றாமலே சாப்பிட்டார்.

சங்கத்துக்கு மறுபடி இரட்டை எஞ்சின் கேட்டு மனுப்போடும் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டில், ஒரு காரியத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முக்கியமானதை மறந்துவிட்டால், "அழகானத முன்னால மாட்டிட்டியா?" என்று கேட்பார்கள். பேரப்பிள்ளைகள் காரணம் தெரியாமலே அதைச் சொல்கிறார்கள். அன்று நான் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று நன்றாக விழுந்தது. இரண்டு எஞ்சின், புகை, எட்டுப் பெட்டி. மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் அம்மா, என்னைத் தேடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு. எங்கள் கல்யாண ஆல்பத்தில் அதுதான் முதல் படம். அடுத்த படங்களில் நான் இருக்கிறேன். கறுப்பு வெள்ளை ஆல்பம், அதில் கறுப்பு நான்.

சென்ற மாதம் வடிவும் நானும் மதுரைக்குப் போனோம். எழும்பூரில் வண்டி வந்து நின்றது. அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள். நான் ஏறிய பிறகு ஏறினாள்.